அறுபதுக்கும் அறுபத்தொன்றுக்கும் நடுவே

கேள்வி: என் கணவருக்கு வயது அறுபதரை. டெபிட் ஆர்டரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறையில், மாதந்தோறும் தவணை செலுத்தி ஆயுள் காப்பீடு எடுத்திருக்கிறோம். ஆயுள் அட்டவணையில் முழு வயதுகளுக்கு மட்டுமே இறப்பு வீதம் இருக்கிறதாமே. நடுவிலுள்ள மாதங்களுக்கு எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தென்னாப்பிரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கென அமைந்த எஸ்.ஏ. 85–90 அட்டவணை உட்பட, இத்தகைய அட்டவணைகள் ஒரு பிறந்தநாளில் இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த பிறந்தநாளைக் காண்பார்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. இடைப்பட்ட மாதங்களை ஆக்சுவரிகள், அதாவது காப்பீட்டுக் கணிப்பாளர்கள், அனுமானத்தால்தான் நிரப்புகிறார்கள்.

வழக்கிலுள்ள அனுமானங்கள் மூன்று. எடுத்துக்காட்டாக, 60 வயதில் 10,000 பேரும் 61-இல் 9,800 பேரும் இருப்பதாகக் கொள்வோம். இறப்புகள் ஆண்டு முழுவதும் சீராகப் பரவியிருந்தால் அறுபதரை வயதில் இருப்பவர்கள் 9,900. அதாவது கூட்டுச் சராசரி. இறப்பு விசை, அதாவது ஒவ்வொரு கணத்திலும் உயிரோடிருப்பவர்களுக்குள்ள ஆபத்தின் அளவு, ஆண்டு முழுவதும் மாறாதிருந்தால் பெருக்குச் சராசரியான (இரு எண்களின் பெருக்கத்தின் வர்க்கமூலம்) 9,899.5 கிடைக்கும். இத்தாலியரான பால்டூச்சியின் பெயரால் வழங்கும் முறை இசைச் சராசரியை (தலைகீழ் எண்களின் சராசரியைத் திரும்பத் தலைகீழாக்கியது) தரும். அது ஏறக்குறைய 9,899. பத்தாயிரத்தில் ஒருவர்தான் வேறுபாடு என்பதால் உங்கள் தவணையில் இது தெரியவே தெரியாது.

ஆனால் 1,000 பேர் ஒரே ஆண்டில் 600 ஆகிவிடும் முதுவயதில் இதே மூன்று முறைகள் 800, 775, 750 என்று பிரிந்து நிற்கும். பிறந்த முதல் ஆண்டிலோ இறப்புகள் தொடக்க வாரங்களிலேயே குவிவதால் மூன்றுமே உதவா. அதற்குத் தனித் தரவு வேண்டும்.

பால்டூச்சி முறையில் இறப்பு விசை ஆண்டுக்குள் குறைந்துகொண்டே போய், பிறந்தநாளன்று திடீரென மேலேறும். அறுபது வயதுக்காரர் மாதம் போகப்போகத் தேறிவருகிறார் என்றால் எந்த வைத்தியர் ஒப்புக்கொள்வார்? இருந்தும் அது நிலைத்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டின் நடுவில் காப்பீட்டில் சேர்பவர் அடுத்த பிறந்தநாளுக்குள் இறக்கும் நிகழ்தகவு, அம்முறையில் எஞ்சிய காலத்துக்கு நேர்விகிதமாக அமைகிறது. அரையாண்டு மிச்சமிருந்தால் முழு வீதத்தில் சரிபாதி. கையால் கணக்கெழுதிய காலத்தில் இது பெரிய வசதி.

உங்கள் கணவரின் வயதுக்கு நான் முதல் முறையையே தேர்வேன். முதல் அரையாண்டில் 10,000 பேரில் 100, அடுத்ததில் 9,900 பேரில் 100 என்று இறப்பு வீதம் 1.00-இலிருந்து 1.01 சதவீதத்துக்கு மெல்ல ஏறுவது முதுமையின் போக்கோடு ஒத்துப்போகிறது. மாதத் தவணைக் கணக்கும் அதில் எளிது.