டெக்சாஸில் கிராமப்புறப் பழமைவாத வேட்பாளர்கள் பள்ளி வவுச்சரை ஏன் எதிர்த்தார்கள்?

துப்பாக்கி உரிமை, கருக்கலைப்புத் தடை, எல்லைப் பாதுகாப்பு, சொத்துவரிக் குறைப்பு. டெக்சாஸ் சட்டமன்றக் கீழவைக்குக் கிராமப்புறத்தில் நிற்கும் குடியரசுக் கட்சிக்காரர்களிடம் இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இருக்காது. சண்டை வந்தது பள்ளிக்கூட விஷயத்தில்தான்.

வவுச்சர் என்றால் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம். பெற்றோர் விருப்பம் பற்றி ஓயாமல் பேசும் கட்சிக்கு இது இனிக்கத்தானே வேண்டும்? ஆனால் பல சிற்றூர்களில் தனியார் பள்ளியே கிடையாது. அரசுப் பள்ளிதான் நிறையப் பேருக்குச் சம்பளம் தருகிற இடம்; வெள்ளிக்கிழமை இரவு கால்பந்தாட்டத்துக்கு ஊரே அங்கேதான் கூடும். அதில் கைவைத்துவிட்டு ஓட்டுக் கேட்க முடியுமா? 2023 நவம்பரில் 21 குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து, 84-63 என்ற கணக்கில் வவுச்சரைக் கல்வி மசோதாவிலிருந்து நீக்கினார்கள்.

வவுச்சர் வேண்டும் என்று நின்ற குடியரசுக் கட்சி ஆளுநர் கிரெக் அபாட் சும்மா விடவில்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் 2024 உட்கட்சித் தேர்தலில் சொந்தக் கட்சிக்காரர்களையே எதிர்த்துப் பிரசாரம் செய்தார், பலர் தோற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்கு எதிரான பல விளம்பரங்கள் பேசியது வவுச்சரை அல்ல, எல்லைப் பாதுகாப்பை! அப்புறம் 2025 ஏப்ரலில் அதே அவையில் வவுச்சர் மசோதா 86-61 என்று நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சியினர் இரண்டே பேர்.