துணிக்கடை ஊழியருக்கு ‘உட்காரும் உரிமை’ சட்டப்படி உண்டா?

உண்டு. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஊழியர் உட்கார்ந்துகொள்ள, கடை உரிமையாளர் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்பதே இந்த உரிமை. கேரளம் 2018இல் இதைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021இல் தனது 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவாக இதைச் சேர்த்தது.

காரணம் உடல்தான். மணிக்கணக்கில் நின்றால் ரத்தம் கால்களிலேயே தேங்குகிறது. பாதம் வீங்குகிறது, நாளடைவில் கால் ரத்தக்குழாய் சுருண்டு புடைக்கிறது. வாடிக்கையாளரே இல்லாத மதிய வேளையிலும் ஒருவரை நிற்க வைப்பதால் வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் கூடுவதில்லை. அதை மரியாதை என்று பெயரிட்டுப் பழக்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வேதனை.

பஸ் கண்டக்டரை எண்ணிப் பாருங்கள். நின்றபடி டிக்கெட் கொடுக்கிறார். கொடுத்து முடித்ததும் தன் இருக்கையில் அமர்கிறார். யாரும் அவரைச் சோம்பேறி என்பதில்லை. கடை ஊழியருக்கும் அதே நியாயம்தான். உணவு இடைவேளையில் மட்டும் உட்கார விடுவது போதாது. வேலை நேரத்திலேயே இருக்கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இது பெண் ஊழியர்களுக்கு மட்டுமான சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டம் ஆண், பெண் என்று பிரிக்காமல் எல்லா ஊழியருக்கும் இருக்கை தரச் சொல்கிறது.