செங்கல் கதையும் ஜாக்சன் மைதானமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலைக்காக மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகருக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகனுக்குப் பள்ளியில் இந்த மாநிலத்தின் பழைய அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும் ஆடுவது) வீரர்களைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அவனோடு உட்கார்ந்து நானும் படித்தேன். வால்டர் பேட்டன், ஜெர்ரி ரைஸ், ஸ்டீவ் மெக்நேர் எல்லோரும் சின்ன ஊர்க்காரர்கள். ரைஸ் சிறுவயதில் செங்கல் பிடித்துப் பழகியதால்தான் பந்தை நழுவவிடாதவர் ஆனாராம். "பார், கஷ்டம்தான் இவர்களை உருவாக்கியது" என்று மகனிடம் சொன்னேன். நான் சொன்னது சரிதானா?

ஒரு வாசகி, ஜாக்சன்

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் செங்கல் கதை உண்மைதான். ரைஸ் வளர்ந்தது கிராஃபர்ட் என்ற சிற்றூரில். அப்பா கொத்தனார். கோடை வெயிலில் பையன் சாரத்தின்மேல் நிற்பான். கீழேயிருந்து அண்ணன் தம்பிகள் செங்கலை எறிவார்கள். சில சமயம் நான்கைந்தை அடுக்கி ஒன்றாகவே வீசுவார்கள். நடுவானில் அவை ஆளுக்கொரு பக்கம் பிரியும். அத்தனையையும் பிடித்தாக வேண்டும். அந்த வேலை தனக்கு உழைப்பைக் கற்றுக்கொடுத்தது என்று ரைஸே சொல்லியிருக்கிறார். அதை நானும் மறுக்கவில்லை.

ஆனால் மிசிசிப்பியில் எத்தனை ஆயிரம் பையன்கள் செங்கல் சுமந்திருப்பார்கள், பருத்தி எடுத்திருப்பார்கள்? கஷ்டம்தான் வீரனை உருவாக்கும் என்றால் அவர்களெல்லாம் எங்கே? ரைஸைத் தேடி ஆர்ச்சி கூலி என்ற பயிற்சியாளர் நேரில் வந்தார். மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரியின் பயிற்சியாளர் அவர். எல்லோரும் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவதிலேயே குறியாக இருந்த காலத்தில், எறிந்து பிடிப்பதையே முழு ஆட்டமாக மாற்றிக் காட்டியவர். 1984-ல் அந்த அணிக்காக ரைஸ் பிடித்த டச்டவுன்கள் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) மட்டும் 27. பிறகு என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில், எறிந்த பந்தைப் பிடித்து அவர் எடுத்த 22,895 யார்டுகளை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. பந்தை எறிந்த வில்லி டாட்டனையும் சேர்த்து, கல்லூரி மைதானத்துக்கே ரைஸ்–டாட்டன் ஸ்டேடியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செங்கல் கதையைச் சொல்லும்போது கூலியையும் டாட்டனையும் விட்டுவிட்டால், வறுமைக்குப் பயிற்சியாளர் பதவி கொடுத்ததாக ஆகிவிடும்.

நீங்கள் சொன்ன மூவருமே கறுப்பினத்தவருக்காக ஏற்பட்ட கல்லூரிகளில் ஆடியவர்கள், கவனித்தீர்களா? பேட்டன் ஜாக்சன் ஸ்டேட், ரைஸ் மிசிசிப்பி வேலி ஸ்டேட், மெக்நேர் ஆல்கார்ன் ஸ்டேட். இது தற்செயல் இல்லை. கொலம்பியா ஊர்ப் பையனான பேட்டன் கல்லூரியில் சேர்ந்தது 1971-ல். அதுவரை ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடியதில்லை. பென் வில்லியம்ஸும் ஜேம்ஸ் ரீடும் 1972-ல்தான் உள்ளே வந்தார்கள். மெக்நேர் காலத்தில் கதவு திறந்திருந்தது, உண்மை. ஆனால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்காக ஆட வேண்டும் என்று அவர் விரும்பியபோது, அணியில் வேறு பொறுப்பில் ஆடு என்றன பெரிய பல்கலைக்கழகங்கள். அவர் ஆல்கார்னுக்குப் போனார். 2003-ல் என்எஃப்எல்லின் மிகச் சிறந்த வீரர் விருதை பெய்டன் மானிங்கோடு பகிர்ந்துகொண்டார். அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பின குவாட்டர்பேக் அவர்தான். (மானிங்கின் அப்பா ஆர்ச்சி மானிங்கும் மிசிசிப்பிக்காரர்தான், ஓல் மிஸ்ஸின் செல்லப்பிள்ளை. மகன் எழுதும் பட்டியலில் அவருக்கும் இடம் உண்டு.)

பேட்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. ஜாக்சன் ஸ்டேட்டில் பாப் ஹில் என்ற பயிற்சியாளர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: சுலபமாகச் சாகாதே. பந்தோடு ஓடுகிறவர்கள் பலர், ஆள் துரத்தி வந்தால் கோட்டுக்கு வெளியே போய்விடுவார்கள், அடி மிச்சம். பேட்டன் போகமாட்டார். தடுக்க வருகிறவன் மீது தானே போய் மோதுவார். அப்படி மோதிக்கொண்டே என்எஃப்எல்லில் 13 சீசன் ஆடியவர் தவறவிட்ட ஆட்டம் ஒன்றே ஒன்று. 1977-ல் மினசோட்டா அணிக்கு எதிராகக் காய்ச்சலோடு இறங்கி 275 யார்டு ஓடினார். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 16,726 யார்டு. 1999-ல் கல்லீரல் நோய் முற்றி, ஐம்பது வயதைக்கூடத் தொடாமல் போய்விட்டார். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

அவரோடு அதே கல்லூரியில் ஆடிய ராபர்ட் பிரேசிலும் ஜாக்கி ஸ்லேட்டரும் பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் பட்டியலுக்குப் போனார்கள். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1975 டிராஃப்டில் பேட்டன் நான்காவது, பிரேசில் ஆறாவது. ஒரே கல்லூரி, ஒரே வருடம். வறுமை இதைச் செய்யுமா? அங்கே நல்ல ஆசான்கள் இருந்தார்கள். பெரிய இடங்கள் வேண்டாம் என்று தள்ளிய பிள்ளைகளை அவர்கள் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் மகன் அதை எழுதட்டும்.

அப்புறம், நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஓர் இடம் இருக்கிறது. மெமோரியல் ஸ்டேடியத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். 1962 செப்டம்பர் 29 அன்று அங்கே ஓல் மிஸ்ஸுக்கும் கென்டக்கிக்கும் ஆட்டம். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரை ஓல் மிஸ்ஸில் சேர்க்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருந்த நேரம். இடைவேளையில், அந்த உத்தரவை எதிர்த்துவந்த ஆளுநர் ராஸ் பார்னெட் மைக்கைப் பிடித்து, மிசிசிப்பியை நேசிக்கிறேன், இதன் மக்களை நேசிக்கிறேன், நம் வழக்கங்களை நேசிக்கிறேன் என்றார். மைதானமே எழுந்து ஆர்ப்பரித்தது. மறுநாள் இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம் வெடித்து இரண்டு பேர் செத்தார்கள்.

ஒன்பது வருடம் கழித்து, ஜாக்சன் ஸ்டேட்டின் சொந்த மைதானமாக ஆகியிருந்த அதே இடத்தில்தான் வால்டர் பேட்டன் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

அன்புடன்.