அப்பா சும்மா சொன்னார்

கேள்வி: சினிமாக் குடும்பத்திலேயே பிறந்து நடிக்க வரும் குழந்தைகளுக்கு என்ன குறை? பணம், செல்வாக்கு, பாதுகாப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. இவர்களுக்குப் போய் எதற்குத் தனியாக ஒரு சட்டம்?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: பாதுகாப்பு வீட்டில் இருக்கிறது என்கிறீர்கள். அந்த வீட்டிடமிருந்தே பாதுகாப்பு தேவைப்பட்ட ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன்.

பெயர் ஜாக்கி கூகன். 1914-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அப்பா மேடைகளில் ஆடிப் பாடிப் பிழைத்தவர். அம்மாவும் சின்ன வயதிலேயே மேடையேறியவர். அப்பாவின் நிகழ்ச்சி ஒன்றில் நாலு வயசுப் பொடியன் வந்து ஆடிவிட்டுப் போனதைப் பார்த்துத்தான் சாப்ளின் சொக்கிப்போனார். இருவரும் சேர்ந்து நடித்து 1921-ல் வந்த படம்தான் ‘தி கிட்’.

அதில் அனாதை இல்லத்துக்காரர்கள் பையனைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள், அவன் கதறுவான். பார்த்தவர் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த அழுகை வந்த விதத்தை சாப்ளினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அன்றைக்குப் பையனுக்கு விளையாட்டு மூட். அழுகையே வரவில்லை. “நான் அழவைக்கிறேன்” என்று அப்பா முன்வந்தார். நீ அழாவிட்டால் ஸ்டுடியோவிலிருந்து கூட்டிப்போய் நிஜமாகவே ஏழைகள் விடுதியில் விட்டுவிடுவேன் என்று மிரட்டினார். பையன் தேம்பித் தேம்பி அழுதான், காட்சி பிரமாதமாக வந்தது. பிறகு சாப்ளின் தூக்கி வைத்துக்கொண்டு, உன்னை யாரும் கொண்டுபோக மாட்டார்கள் என்று தேற்றினாராம். எனக்குத் தெரியும், அப்பா சும்மா சொன்னார் என்று காதோடு காதாகச் சொன்னானாம் பையன்.

அப்புறம் பணம் கொட்டியது. அவன் படம் போட்ட பொம்மை விற்றது, வேர்க்கடலை வெண்ணெய் டப்பா விற்றது. 1924-ல், ஒன்பது வயதில், மேற்காசியாவின் போர் அனாதைகளுக்காக ஊர் ஊராகப் போய் உணவும் துணிமணியும் திரட்டினான். மதிப்பு 10 லட்சம் டாலருக்கு மேல். அவனுக்குக் கையில் கிடைத்ததோ வாரத்துக்கு ஆறேகால் டாலர் பாக்கெட் மணி. மிச்சமெல்லாம் பத்திரமாக இருக்கிறது, 21 வயது ஆனதும் கைக்கு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அந்தப் பிறந்தநாள் 1935 அக்டோபரில். மே மாதமே கார் விபத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். அதே காரில் இருந்த ஜாக்கி மட்டும்தான் பிழைத்தார். குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீனை அம்மா பிறகு மணந்துகொண்டார். கணக்குப் பார்த்தவரே மாற்றாந்தகப்பன்!

1938-ல் ஜாக்கி வழக்குப் போட்டார். மொத்தச் சம்பாத்தியம் 30 முதல் 40 லட்சம் டாலர் வரை இருக்கும் என்பது அன்றைய மதிப்பீடு. அம்மா தரப்பு சொன்னது என்ன தெரியுமா? மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம், ஜாக்கிக்கு எதையும் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. போதாததற்கு, பையன் கேமரா முன்னால் சந்தோஷமாக விளையாடிக்கொண்டுதானே இருந்தான் என்று ஒரு வாதம். இதில் எரிச்சலூட்டும் விஷயம், அன்றைய கலிபோர்னியா சட்டம் அம்மா பக்கம்தான் இருந்தது. கடைசியில் ஜாக்கி கைக்கு வந்தது 1,26,000 டாலர். ரொம்பக் கஷ்டப்பட்ட ஒரு நேரத்தில் 1,000 டாலர் கொடுத்து உதவியவர் சாப்ளின்.

ஊர் கொதித்ததில் 1939-ல் சட்டம் வந்தது. இன்றைக்கும் ‘கூகன் சட்டம்’ என்றுதான் பெயர். ஆனால் பெயர் கொடுத்தவருக்கு அதனால் சல்லிக்காசு பிரயோசனமில்லை. சட்டத்திலும் பெரிய ஓட்டை: நீதிமன்றம் பார்த்து ஒப்புக்கொண்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும்தான் அது செல்லும். குழந்தையின் சம்பளம் குழந்தைக்கே சொந்தம், அதில் 15 சதவீதத்தை யாரும் தொடமுடியாத கணக்கில் போட்டே ஆகவேண்டும் என்று திருத்தம் அமலுக்கு வந்தது 2000-ல். ஜாக்கி இறந்தது 1984-ல்.

நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. ராணுவத்தில் சேர்ந்து, இன்ஜின் இல்லாத கிளைடர் விமானத்தை ஓட்டும் விமானியானார். 1944-ல் நம் அசாமிலிருந்து கிளம்பி, இருட்டில் பர்மாவுக்குள் ஜப்பானியருக்குப் பின்னால் துருப்புகளைக் கொண்டுபோய் இறக்கியவர்களில் ஒருவர். அறுபதுகளில் ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ தொலைக்காட்சித் தொடரில் மொட்டைத் தலையோடு அங்கிள் ஃபெஸ்டராக வந்து சிரிக்கவைத்தார். அந்த முகத்தில் பழைய பொடியனைத் தேடினாலும் கிடைக்காது.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2017 மத்திய விதிகளின்படி, நடிக்கும் குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போடவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. விதியில் சினிமாக் குடும்பம், சாதாரணக் குடும்பம் என்ற பேதமெல்லாம் கிடையாது. உங்களுக்குத் தெரிந்த குட்டி நட்சத்திரம் யாராவது இருந்தால், அந்த வைப்புநிதி ரசீதை ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.