மேயரானவரை மட்டும் எண்ணினால் போதுமா?

கேள்வி: ஸ்காட்லாந்திலிருந்து போலந்துக்குப் பிழைக்கப் போன ஒருவர் வார்சா நகரத்துக்கே நான்கு முறை மேயரானாராமே! வந்தவரை அந்நியராகப் பார்க்காத அந்தக் காலத்துப் போலந்து இன்றைய நாடுகளுக்கு ஒரு பாடம் இல்லையா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: மேயரானது உண்மைதான். அபர்டீனுக்குப் பக்கத்தில் டைஸ் என்ற ஊரில் பிறந்த அலெக்சாண்டர் சால்மர்ஸ் அவர். போலந்துக்காரர்கள் வாயில் அந்தப் பெயர் சாமர் என்றாகிவிட்டது. 1691-க்கும் 1703-க்கும் இடையில் நான்கு முறை அந்தப் பதவியில் இருந்தார். ஆனால் அந்நியராகப் பார்க்கவில்லை என்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அவருக்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலிருந்தே, ஊரில் நிலமும் வேலையும் இல்லாமல் கப்பலேறி க்தான்ஸ்க் துறைமுகத்தில் இறங்கி, முதுகில் மூட்டையோடு துணியும் கத்தியும் கத்தரிக்கோலும் சில்லறைச் சாமான்களும் விற்றுக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்த ஸ்காட்லாந்துப் பையன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை நகரத்து வியாபாரிகள் சங்கங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று அரசரிடம் ஓயாமல் புகார் போனது. 1560-களிலேயே யூதர்களோடு சேர்த்து இவர்கள் மீதும் தனியாகத் தலைவரி போட்டார்கள். 1576-ல் அரசர் ஸ்டீபன் பாத்தோரி சில ஸ்காட்டிய வியாபாரிகளுக்குச் சலுகை கொடுத்தார், வாஸ்தவம். அரண்மனைக்குச் சரக்கு கொண்டுவந்து கொடுக்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது, அதனால் கொடுத்தார். அதைப் பெருந்தன்மை என்று நான் சொல்ல மாட்டேன்.

நகரத்தில் குடியுரிமை வாங்குவது இன்னும் பெரிய பாடு. முறையான கல்யாணத்தில் பிறந்தவன்தான் என்று சொந்த ஊரிலிருந்து முத்திரை வைத்த பிறப்புப் பத்திரம் வர வேண்டும். அபர்டீன் நகரசபை முன் சாட்சிகள் வந்து, இன்னார் மகன், இன்னார் பேரன் என்று அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் சத்தியம் செய்து சொல்ல, அதை எழுதி முத்திரையிட்டுக் கடல் தாண்டி அனுப்புவார்கள். அப்புறம் பிணை, கட்டணம், உறுதிமொழி. எல்லாவற்றுக்கும் மேல் மதம். போலந்து கத்தோலிக்க நாடு; இவர்களில் நிறையப் பேரோ கால்வினியர்கள், அதாவது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர். போலந்தின் கிராக்கோ நகரத்தில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தை 1591-ல் ஒரு கும்பல் அழித்தது. அதற்குப் பிறகு ஞாயிறு வழிபாட்டுக்கே ஊருக்கு வெளியே, பிரபுக்களின் நிலத்தில் இருந்த கிராமங்களுக்குப் போக வேண்டியதாயிற்று. அப்படி ஒரு கிராமமான வியெல்கானோத்ஸில் ஸ்காட்லாந்துக்காரர்களின் கல்லறைகளும் உண்டு.

சரி, நன்றாக வாழ்ந்தவர்களே இல்லையா? இருந்தார்கள். க்ரோஸ்னோ ஊரில் ராபர்ட் போர்ட்டியஸ் ஹங்கேரி ஒயின் வியாபாரத்தில் பெரும் பணக்காரரானார். 1638 தீவிபத்துக்குப் பிறகு ஊர்த் தேவாலயத்தைத் திரும்பக் கட்ட அள்ளிக் கொடுத்தவர் அவர். அவர் குடும்பச் சிற்றாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. க்தான்ஸ்கில் சம்பாதித்த ராபர்ட் கார்டன் 1731-ல் இறந்தபோது சொத்தை அபர்டீனில் ஏழைப் பையன்களின் படிப்புக்கு எழுதி வைத்தார். இன்று அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. இவர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. அதனால்தான் போலந்து கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தது என்று சொல்லி இவர்கள் பட்ட பாட்டை மறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பாடம் வேண்டுமானால் 1650-51-ல் நடந்ததைப் பாருங்கள். அப்பாவின் தலையை வெட்டிவிட்டார்கள், அரியணை மீட்கப் பணம் வேண்டும் என்று ஸ்காட்லாந்து, இங்கிலாந்து அரியணைகளுக்கு உரிமை கோரிய இரண்டாம் சார்லஸ் கேட்க, போலந்து நாட்டில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சொத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. கிராக்கோவில் குடியேறிப் பல வருஷமாகக் கடை நடத்தி வந்தவர்களும் சத்தியம் செய்து சொத்துக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அத்தனை வருஷம் ஆகியும் அவர்களை அந்நியர்களாகத்தான் எண்ணினார்கள்.