நாவிஸ் என்றால் புதுமுகம் என்று யார் சொன்னது?

கேள்வி: மகளுக்கு 17 வயது. மூன்று வருடமாகக் குதிரை ஏறுகிறாள். ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற, ஒன்பது வயது தரோபிரெட் பெண்குதிரை எங்களிடம் இருக்கிறது. வீட்டுத் திடலில் 90 செ.மீ. தாண்டுகிறது. கிராஸ் கன்ட்ரி இருவருக்கும் புதிது. முதல் ஈவென்டிங் போட்டிக்கு 'நாவிஸ்' வகுப்பில் பெயர் கொடுக்கலாம், நாவிஸ் என்றால் புதியவர்தானே, நுழைவு, லாரி, லாயம் எல்லாம் ஒரே தொகைக்கு நானே முடித்துத் தருகிறேன் என்கிறார் பெங்களூரில் ஒருவர். நம்பலாமா? (மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார்)

பதில்: லாரி, லாயம் விஷயத்தில் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாவிஸுக்கு அவர் சொன்ன அர்த்தத்தை நம்பினால் உங்கள் மகள் தரையில் கிடப்பாள். ஈவென்டிங் மூன்று பகுதிப் போட்டி: திடலில் குதிரையை அடக்கி நடத்திக் காட்டும் டிரஸாஜ், வெளித்தரையில் நிலையான தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி, திடலில் கம்பு தாண்டும் ஷோ ஜம்பிங். பிரிட்டனில் நாவிஸ் வகுப்பென்றால் கிராஸ் கன்ட்ரி தடைகள் 1.10 மீட்டர் வரை, ஷோ ஜம்பிங் 1.15 மீட்டர் வரை, வேகம் நிமிடத்துக்கு 520 மீட்டர். அதற்குக் கீழே 80, 90, 100 செ.மீ. என்று படிகள் இருக்கின்றன. அமெரிக்காவிலோ அதே நாவிஸ் சுமார் 90 செ.மீ.தான், வேகம் 350 முதல் 400 மீட்டர். ஒரே சொல், இடையில் இருபது செ.மீ.

ஆகவே வகுப்பின் பெயரை விட்டுவிட்டு ஐந்து எண்களைக் கேளுங்கள். கிராஸ் கன்ட்ரி உயரம், ஷோ ஜம்பிங் உயரம், ஓட்டத்தின் நீளம், மொத்தத் தாண்டல்கள், நிமிடத்துக்கு எத்தனை மீட்டர். இவை போட்டி அட்டவணையில் அச்சிட்டிருக்க வேண்டும். அட்டவணையைக் காட்டாமல் "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகளுக்கு 80 செ.மீ. வகுப்பு. வீட்டில் 90 தாண்டுகிறதே என்பீர்கள். வீட்டில் தாண்டுவது கீழே விழும் கம்பு. ஷோ ஜம்பிங்கில் கம்பைத் தட்டினால் நான்கு அபராதப் புள்ளி, அவ்வளவுதான். கிராஸ் கன்ட்ரியில் இருப்பது தரையில் கட்டிய மரத்தடி. அது விழாது, குதிரைதான் விழும். அதோடு பள்ளம், இறக்கம், தண்ணீர் எல்லாம் வரும். புதுக் குதிரை மிரண்டு நிற்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான், உயரத்தைப் பார்த்தல்ல. வீட்டில் சிரமமில்லாமல் முழுச் சுற்றாகத் தாண்டும் உயரத்திலிருந்து பத்து செ.மீ. கழியுங்கள். அதுதான் முதல் போட்டியின் உயரம். அவர் சொல்லும் போட்டியில் 80 வகுப்பு இல்லையென்றால் அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள்.

அடுத்தது வேகம். ரேஸ் குதிரைதானே, வேகத்துக்கு என்ன குறை என்று நினைப்பது பெரிய பிசகு. கட்டுப்பாடில்லாத வேகம்தான் அங்கே ஆபத்து. கணக்கைப் பாருங்கள்: குதிரை ஒரு தடையில் நின்றுவிட்டால் 20 அபராதப் புள்ளி, அதே தடையில் மறுபடி நின்றால் இன்னும் 40. குறித்த நேரத்துக்குப் பிந்தினால் ஒரு வினாடிக்கு 0.4 தான். ஐம்பது வினாடி பிந்தி வந்தாலும் ஒரு மறுப்புக்கான அபராதம்தான் ஆகிறது. கிராஸ் கன்ட்ரியில் சவாரி செய்பவர் விழுந்தால் போட்டியே முடிந்தது. பிந்தட்டும். கீழ் வகுப்புகளில் அளவுக்கு மீறிய வேகத்துக்கே அபராதம் போடும் போட்டிகளும் உண்டு. பழக்குவதற்கு 400 மீட்டரை அளந்து கொடி நட்டுவையுங்கள். அதை 69 வினாடியில் கடந்தால் நிமிடத்துக்கு 350 மீட்டர். கையில் கடிகாரம் இல்லாமலே அந்த வேகம் மகளுக்குப் பிடிபட வேண்டும்.

டிரஸாஜைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். அதில் யாருக்கும் எலும்பு முறிவதில்லை.

நம் மாவட்டத்தில் பழக்குகிறவர்களிடம் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, சொத்தவிளை மாதிரியான கடற்கரையில் மேல்மணலில் குதிரையை விரட்டுவது. குளம்பு புதையும் மணலில் முன்னங்காலின் பின்நரம்பு (தசைநாண்) இழுபட்டு வீங்கும். ரேஸ் ஓடிய குதிரைக்கு அந்த நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கவும் கூடும். அலை நனைத்து இறுகிய மணலில் மட்டும், அதுவும் டிராட் (துள்ளுநடை), மெதுவான கேன்டர் (மிதமான பாய்ச்சல்). ஏற்ற இறக்கத்துக்கு ரப்பர் விளைகளின் சரிவே போதும், நடையும் டிராட்டுமாக. இரண்டாவது, குளத்துக்குப் பஞ்சமில்லாத ஊராயிற்றே என்று குளத்தில் இறக்கித் தண்ணீர் பழக்குவது. போட்டியில் உள்ள தண்ணீருக்குக் கெட்டியான அடித்தளம் உண்டு. சர்வதேச விதிப்படி ஆழமும் 35 செ.மீ. தாண்டாது. நம் குளத்தில் அடியெல்லாம் சேறு. ஒரு முறை கால் புதைந்த குதிரை பிறகு எந்தத் தண்ணீரையும் நம்பாது. ஆற்றில் மணலடி தெரிகிற, கணுக்கால் நனைகிற இடம் பாருங்கள். முதலில் நடத்திக் கூட்டிப்போங்கள், பிறகு டிராட். கரையிலிருந்து குதிப்பது கடைசியில்தான். கடலலைக்குப் பழகியிருக்கிறதே என்று சொல்லாதீர்கள். கடலுக்குத் திடீர்க் கரை கிடையாது.

காலத்தையும் பாருங்கள். போட்டிகள் பெரும்பாலும் குளிர்காலத்தில். இரண்டு மழையும் கிடைக்கும் குமரியில், ஐப்பசியும் கார்த்திகையும் பயிற்சி கெடும். டிசம்பர் போட்டிக்குப் பெயர் கொடுத்தால் வழுக்குகிற செம்மண்ணில் தயாராக வேண்டியிருக்கும். ஜனவரிக் கடைசி, பிப்ரவரி என்றால் ஆறு வாரமாவது காய்ந்த தரை கிடைக்கும்.

நாகர்கோவிலிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 680 கி.மீ. லாரியில் 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் இரவு போய் மறுநாள் ஓடும் திட்டத்தை யார் போட்டாலும் மறுத்துவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை லாரியை நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலையைக் கீழே தாழ்த்த விட வேண்டும். தலையைத் தூக்கிக் கட்டியே கொண்டுபோனால் மூச்சுக்குழாய்ச் சளி வெளியேறாமல் நுரையீரலில் இறங்கிக் காய்ச்சல் வரும். வைக்கோலை நனைத்துப் போடுங்கள். போய்ச் சேர்ந்தபின் இரண்டு நாளாவது ஓய்வு. காலை மாலை உடல் வெப்பம் பாருங்கள். 38.5 டிகிரியைத் தாண்டினால் போட்டி வேண்டாம்.

காகித வேலையைப் பற்றி எழுதும்போதே எரிச்சல் வருகிறது. இந்திய குதிரையேற்றக் கூட்டமைப்பின் பதிவு, குதிரையின் அடையாளப் புத்தகம், மருத்துவச் சான்று, கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். பரிசோதனை நியாயம்தான்; மனிதனுக்கும் தொற்றும் நோய் அது, 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய நோய். ஆனால் அதை உறுதிசெய்யும் தேசிய ஆய்வகம் ஹரியானாவின் ஹிசாரில். முனையிலிருக்கும் குதிரையின் ரத்தம் நாட்டின் மறு கோடிக்குப் போய் முடிவு வர வேண்டும். நுழைவுக் கெடு அதற்காகக் காத்திருக்காது. இந்த இடுக்கில்தான் "நான் முடித்துத் தருகிறேன்" என்பவர்கள் பிழைக்கிறார்கள். அட்டவணை வரும்வரை காத்திருக்காமல் உங்கள் கால்நடை மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். நுழைவுக் கட்டணத்தை நடத்துபவருக்கு நேராகக் கட்டி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் ஆகும் என்று மேல் வகுப்பில் தள்ளுகிறவர்களும் உண்டு. அந்த ஆசையில் 1.10 மீட்டர் மரத்தடிக்குப் பெண்ணை அனுப்பாதீர்கள்.

80 செ.மீ. என்றதற்கு விலக்கு ஒன்றே ஒன்று. அது உங்கள் குதிரைக்குப் பொருந்தாது, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஆள் அடுத்து அதைத்தான் எடுப்பார்: "என்னிடம் அனுபவப்பட்ட குதிரை இருக்கிறது, வாடகைக்கோ விலைக்கோ தருகிறேன்." அனுபவப்பட்ட குதிரையில் மகள் 90 செ.மீ.யில் தொடங்கலாம், உண்மைதான். ஆனால் அனுபவம் ஈவென்டிங்கில் வேண்டும். ரேஸ், போலோ, ஷோ ஜம்பிங் கணக்கில் வராது. கடந்த ஒரு வருடத்துக்குள், அதே உயரத்தில், இரண்டு போட்டிகளிலாவது கிராஸ் கன்ட்ரியில் நிற்காமல் முடித்திருக்க வேண்டும். சான்று முடிவுத் தாள்தான். வாட்ஸ்அப் வீடியோ அல்ல. அன்று ஏறியவர் ராணுவத்துத் தேர்ந்த வீரர் என்றால் அது அவருடைய திறமை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் அதில் ஆறு முறையாவது வெளித்தரையில் ஏறி, தண்ணீர், பள்ளம், இறக்கம் மூன்றையும் கடந்திருக்க வேண்டும். இத்தனையும் இருந்தாலும் 90 தான், 1.10 அல்ல.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் மருத்துவரைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் காலையிலேயே போங்கள். லாயத்திலிருந்து அப்போதுதான் இறங்கும் குதிரையைக் கெட்டித் தரையில் நேராகவும் வட்டமாகவும் டிராட் விட்டுப் பாருங்கள். முன்னங்காலின் பின்நரம்பை மேலிருந்து கீழே விரலால் தடவுங்கள். சூடோ தடிப்போ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ரத்தம் எடுத்து வையுங்கள், ஏனென்றால் வலிமருந்து போட்டு நொண்டலை மறைப்பது பழைய வித்தை. அப்படியொரு வலிமருந்தான ஃபினைல்பியூட்டசோனைப் போட்டியன்று குதிரைக்காரர் 'காலுக்கு நல்லது' என்று தீவனத்தில் கலந்துவிட்டால், மருந்துச் சோதனையில் பதில் சொல்ல வேண்டியது உங்கள் தரப்புதான்.