கிரகணம் இல்லாத நாளில் உலக்கை நிற்குமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். 2025 செப்டம்பர் 7 இரவு சந்திர கிரகணத்தின்போது என் மாமியார் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார். பிடிமானமே இல்லாமல் நின்றது. அக்கம்பக்கத்தவர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மகள் "எப்படிம்மா நிக்குது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றேன். மாமியாரின் முகம் சுருங்கிவிட்டது. "பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்" என்கிறார் கணவர். மகள் எதையும் யோசித்து ஏற்பவளாக வளர வேண்டும், பாட்டியை மதிக்காதவளாகவும் ஆகிவிடக் கூடாது. என்ன செய்வது?
வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புத் தோழிக்கு,

உங்கள் மகள் கேட்டது "எப்படி" என்று. நீங்கள் சொன்னது "மூடநம்பிக்கை" என்று. அவள் கேள்விக்கு அது பதில் இல்லை. அவள் கண் முன்னால் உலக்கை நின்றிருக்கிறது. நிற்கவில்லை என்று யார் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள், நம்பவும் கூடாது. பாட்டி பொய் சொல்லவில்லை. அங்கிருந்தே தொடங்குங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, கிரகணம் எதுவும் இல்லாத சாதாரண நாளில், அதே தாம்பாளம், அதே அளவு தண்ணீர், அதே உலக்கை. நிறுத்திக் கொடுக்க வேண்டியவர் உங்கள் மாமியார்தான். வீட்டில் உலக்கை பிடித்துப் பழகிய கை அவருடையது. "அத்தை, இவளுக்கு எப்படி நிறுத்துறதுன்னு சொல்லிக் கொடுங்களேன்" என்று கேளுங்கள். அதற்கு முன், நிற்குமா நிற்காதா என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். நீங்களும்தான். பார்த்த பிறகு "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. எழுதி வைத்தால் அது முடியாது.

பொறுமையாக வைத்தால் நிற்கும். அவசரப்பட்டால் இரண்டு மூன்று தடவை விழும், பக்கத்தில் ஆள் நின்று பிடித்துக்கொள்ளட்டும். பிறகு உலக்கையைச் சாய்த்து அடிப்பகுதியை மகளைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புப் பூண் போட்ட பக்கம் தட்டையாக இருக்கும். உலக்கையின் எடை முழுவதும் அந்தத் தட்டைப் பகுதிக்கு நேர் மேலே இருக்கும் வரை அது விழாது. வெளியே சாய்ந்தால் விழுந்துவிடும். தண்ணீர் இல்லாத வெறும் தரையிலும் நிறுத்திப் பார்க்கட்டும். "கிரகணம் விட்டா தானா விழுந்துரும்" என்று சொல்வார்களே, அதையும் சோதிக்கலாம். யாரும் தட்டாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கட்டும்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள்: இத்தனை வருடமாக மற்ற நாட்களில் ஏன் யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை? இதற்கு அவளே விடை தேடட்டும். பூனை குறுக்கே போன நாள் காரியம் கெட்டால் நினைவில் நிற்கிறது. பூனை போயும் நல்லபடியாக முடிந்த நாட்களை யாரும் எண்ணுவதில்லை. உலக்கை விழுந்துவிட்ட வீட்டுக்காரர் தெருவைக் கூப்பிட்டுக் காட்டுவதும் இல்லை. நடக்காத பக்கத்தையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் பதினோரு வயதில் வந்துவிட்டால், நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் அதிசய மருந்துச் செய்தியையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"அறிவியல் சொல்கிறது, நம்பு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுவும் கேள்வி கேட்காமல் ஏற்கச் சொல்வதுதான். நீங்கள் சொல்வதையும் அவள் சோதிக்கட்டும். ஒரு நாள் உங்களையே மடக்குவாள். அன்று கோபப்படாமல் "சரி, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டியை மதிப்பது எப்படி என்பதையும் அதிலிருந்தே கற்றுக்கொள்வாள். "பாட்டி, உங்களுக்கு இதை யார் சொன்னாங்க?" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது, அவரோடு பேச உட்காருவது. உங்கள் கணவருக்கு ஒரு செய்தி: அறிவியல் மனப்பான்மையையும் கேட்டறியும் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் நம் அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள், 51ஏ பிரிவில்.

ஒரு இடத்தில் மட்டும் நான் இவ்வளவு பொறுமை காட்ட மாட்டேன். கிரகணம் என்று கர்ப்பிணியை மணிக்கணக்கில் பட்டினி போடுவது, நாய்க்கடிக்கும் பாம்புக்கடிக்கும் மந்திரிக்கக் கூட்டிப்போவது, இவற்றில் யார் மனம் புண்பட்டாலும் பரவாயில்லை. உடனே ஆஸ்பத்திரி. இந்த வேறுபாட்டையும் மகளிடம் சொல்லி வையுங்கள்.

பெரியவர்கள் சொன்னதில் சரியானது இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம். சூரிய கிரகணத்தை அப்படிப் பார்க்கவே கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டாலும் அந்த நேரத்தில் உணர மாட்டோம். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. அதற்கென்றே செய்த கண்ணாடி வேண்டும்.

2019 டிசம்பர் 26 காலை உங்கள் ஈரோட்டுப் பக்கமெல்லாம் சூரியன் வளையமாகத் தெரிந்ததே, நினைவிருக்கிறதா? அன்று கோவையில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். இலைகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றும் தரையில் குட்டி வளையமாகக் கிடந்தது. 2031 மே 21-ல் தென் தமிழ்நாட்டில் மறுபடியும் வளைய கிரகணம் வருகிறது. அன்று கண்ணாடி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் மாமியாரின் ஜல்லிக்கரண்டியை வெயிலில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓட்டைக்கு ஒரு சூரியன், வாசலில் விழும்.